மலையின் அறிவும் பள்ளியின் அறிவும்

(மலைப் பஞ்சாயத்துகளும் அடிவாரப் பஞ்சாயத்துகளும் கலந்துகொண்ட உறுப்பினர் பயிற்சி முகாமில் வட்டார வளர்ச்சி அதிகாரி ஆற்றிய உரை)



மலை மேலிருந்தும் அடிவாரத்திலிருந்தும் வந்த நீங்கள் ஒரே கூடத்தில் ஒன்றாக அமர்ந்திருப்பதைக் காண மகிழ்ச்சியாக இருக்கிறது. உங்களுள் சிலர் விடியுமுன் புறப்பட்டு, பாதி வழி நடந்தும் பாதி வழி ஜீப்பிலுமாக வந்திருக்கிறீர்கள். அந்தச் சிரமத்திற்கு ஏற்ற பயன் இந்த முகாமில் உங்களுக்குக் கிடைக்க வேண்டும் என்பதே எங்கள் விருப்பம்.

சாலை, குடிநீர், தெருவிளக்கு, வீட்டு வசதி ஆகியவற்றைப் பற்றிக் காலையில் பேசினோம். அவற்றை அளக்கலாம்; மதிப்பீடு போடலாம்; முடிந்ததும் கல் நாட்டலாம். இப்போது நாம் ஆராய இருப்பது அவ்வாறு அளக்க முடியாத ஒரு செல்வம். பழங்குடி மக்களுடைய பிள்ளைகளுக்குப் பள்ளி தரும் கல்வியும், அம்மக்கள் வழிவழியாகக் காத்துவரும் அறிவும் எவ்வாறு ஒன்றுக்கொன்று துணை நிற்க வேண்டும் என்பதே இன்றைய பொருள்.

முதலில் ஒரு கணக்கைப் பார்ப்போம். 2011ஆம் ஆண்டு மக்கள் கணக்கெடுப்பின்படி தமிழ்நாட்டில் பழங்குடியினர் 7,94,697 பேர். மாநில மக்களில் ஏறக்குறைய நூற்றுக்கு ஒருவர். அதே கணக்கெடுப்பின்படி, ஏழு வயதும் அதற்கு மேலும் ஆனவர்களுள் எழுத்தறிவு பெற்றவர்கள் மாநிலம் முழுவதிலும் நூற்றுக்கு 80 பேர். பழங்குடியினரிலோ 54 பேர். பழங்குடிப் பெண்களை மட்டும் எடுத்துக்கொண்டால் 47 பேருக்கும் குறைவு.

இந்தக் கணக்கைப் படித்தவுடன், ‘இவர்கள் ஒன்றும் அறியாத மக்கள்’ என்று முடிவு கட்டிவிடுபவர்கள் பலர். எழுத்தறிவு வேறு, அறிவு வேறு என்பதை அவர்கள் மறந்துவிடுகிறார்கள். அவ்வாறு மறந்தவர்களுள் நாங்களும் அடக்கம். அந்தப் பிழையை எங்கள் அலுவலகம் எவ்வாறு உணர்ந்தது என்பதை மறைக்காமல் உங்களிடம் சொல்லிவிடுகிறோம்.

ஓடைத் தடம்

2019ஆம் ஆண்டில் நமது மலைக் கிராமம் ஒன்றின் பள்ளிக்குச் சத்துணவுக் கூடம் கட்ட இடம் தேடினோம். சாலையை ஒட்டிச் சமதளமாக ஓரிடம் இருந்தது. லாரி வந்து நிற்க வசதி. மண்ணை வெட்டிச் சமன்படுத்தும் செலவும் இல்லை. வரைபடத்தில் பார்த்தாலும் நேரில் பார்த்தாலும் குறை சொல்ல முடியாத இடம். அளவெடுத்துக்கொண்டிருந்தபோது ஊர்ப் பெரியவர் ஒருவர் வந்தார். “ஐயா, இது பழைய ஓடைத் தடம். ஐப்பசி, கார்த்திகை அடைமழையில் தண்ணீர் இங்கே திரும்பும். மேட்டில் கட்டுங்கள்” என்றார். அந்த ஓடை எங்கே என்று கேட்டோம். இப்போது இருபது முப்பது ஆண்டுகளாக அது வேறு பக்கம் ஓடுகிறது என்றார். கண்ணுக்குத் தெரியாத ஓடைக்காக மதிப்பீட்டை மாற்ற முடியாது என்று சொல்லி, அவருக்கு நன்றி கூறிவிட்டு வேலையைத் தொடங்கினோம்.

2021ஆம் ஆண்டு நவம்பர் மாதத்தில் பெய்த பெருமழையில் ஓடை பழைய தடத்திற்குத் திரும்பியது. இரவு நேரமாதலால் உயிருக்கு ஆபத்து இல்லை. ஆனால் கூடத்தின் பின்சுவர் சரிந்தது. அரிசியும் பருப்பும் சேற்றோடு சேறாயின. பிள்ளைகள் பல வாரம் மரத்தடியில் அமர்ந்து உண்ண நேர்ந்தது. அரசாங்கப் பணம், அதாவது உங்கள் பணம், எங்கள் செவி அடைத்திருந்ததால் வெள்ளத்தில் போயிற்று.

மறுபடி இடம் தேட வேண்டிய நிலை வந்தபோது அந்தப் பெரியவரைக் கேட்கலாம் என்று சென்றோம். அவர் அந்த ஆண்டின் தொடக்கத்திலேயே காலமாகிவிட்டார் என்று சொன்னார்கள். அவருடைய மகன் இளமையிலேயே வெளியூர் வேலைக்குச் சென்றவர். ஓடைத் தடங்களைப் பற்றி அவருக்கு ஒன்றும் தெரியவில்லை. ஊரில் வேறு சிலரைக் கேட்டோம். ஒருவர் ஒன்று சொன்னார். மற்றொருவர் அதை மறுத்தார். ஒரு தலைமுறையின் அறிவு ஒருவருடன் முடிந்துபோயிற்று என்றே எண்ணித் திரும்ப இருந்தோம்.

அப்போது அவருடைய பேத்தி ஒரு நோட்டுப் புத்தகத்தைக் கொண்டுவந்து நீட்டினாள். அவள் அப்பொழுது ஏழாம் வகுப்பு மாணவி. 2020ஆம் ஆண்டில் பெருந்தொற்றினால் பள்ளிகள் மூடியிருந்தபோது, அவ்வூர் ஆசிரியை வாரம் ஒரு முறை மலையேறி வந்து, பிள்ளைகளுக்கு வீட்டுப்பாடம் கொடுத்துப் போவது வழக்கம். ஒரு வாரம் அவர் கொடுத்த பாடம் இது: ‘உங்கள் ஊரைச் சுற்றியுள்ள பாறை, ஓடை, ஊற்று, காடு ஆகியவற்றின் பெயர்களைப் பெரியவர்களிடம் கேட்டு எழுதி வாருங்கள்.’ பாட்டனாருடன் ஆடு மேய்க்கப் போன அந்தப் பெண் நாற்பதுக்கு மேற்பட்ட இடங்களின் பெயர்களை எழுதியிருந்தாள். எந்த ஊற்று சித்திரையிலும் வற்றாது, எந்தச் சரிவில் மண் இளகும், எந்தப் பள்ளத்தில் முன்னொரு காலத்தில் ஓடை ஓடியது என்பதெல்லாம் பிள்ளை எழுத்தில், ஒற்றுப்பிழைகளுடன், அந்த ஏட்டில் இருந்தன. எங்கள் கூடம் நின்ற இடத்திற்கு நேராக, ‘மழைக்காலத்தில் ஆடு கட்டக் கூடாது’ என்று எழுதியிருந்தாள்.

புதிய கூடம் அந்த ஏட்டைப் பார்த்தே மேட்டில் கட்டப்பட்டது.

அன்பர்களே! இதில் இருவருக்கும் பங்கு உண்டு என்பதைக் கவனியுங்கள். பாட்டனார் சொல்லித் தராவிட்டால் எழுதுவதற்குப் பொருள் இருந்திராது. பள்ளி எழுத்தைக் கற்றுத் தராவிட்டால் அந்தப் பொருள் அவருடன் மறைந்திருக்கும். மலையின் அறிவும் பள்ளியின் அறிவும் ஒரு சிறு பெண்ணின் கையில் சந்தித்ததால் ஓர் ஊர் பயன் அடைந்தது. இன்று நாங்கள் சொல்ல வந்ததன் சாரம் இதுவே.

எழுத்தில் ஏறாத அறிவு

மரபு அறிவு என்றவுடன் திருவிழாவும் ஆட்டமும் பாட்டும் மட்டுமே சிலர் நினைவுக்கு வருகின்றன. அவையும் வேண்டும், ஆனால் அவை மட்டும் அல்ல. ஒரு மக்கள் கூட்டம் தான் வாழும் நிலத்தோடு பல நூறு ஆண்டுகள் பழகித் தெரிந்துகொண்ட அனைத்தும் மரபு அறிவே.

உழவர்களுக்குத் தெரிந்த உதாரணத்தையே எடுத்துக்கொள்வோம். கல்வராயன் மலை, சவ்வாது மலை, கொல்லி மலை ஆகியவற்றில் வாழும் மலையாளிப் பழங்குடியினர் சாமை, தினை, வரகு, கேழ்வரகு ஆகியவற்றை மானாவாரியாகப் பயிரிட்டு வந்தவர்கள். எந்தச் சரிவுக்கு எந்த விதை ஏற்றது, எந்தக் கதிரை விதைக்கென்று நிறுத்துவது, அதை எவ்வாறு பூச்சி தாக்காமல் வைப்பது என்பவை பெரும்பாலும் பெண்கள் காத்த அறிவு. கொல்லி மலையில் மரவள்ளி பரவிய பிறகு சிறுதானியம் விளைந்த நிலத்தின் பரப்பு மிகவும் சுருங்கியது. உரலில் இட்டுக் குத்தி உமி நீக்கும் கடுமையான வேலையும் அதற்கு ஒரு காரணம். உமி நீக்கும் சிறு இயந்திரங்கள் வந்த இடங்களில் பெண்களின் பாரம் குறைந்தது. சாமைக்கும் மறுபடி மதிப்பு வந்தது. 2023ஆம் ஆண்டை ஐக்கிய நாடுகள் சபை சர்வதேசச் சிறுதானிய ஆண்டாகக் கொண்டாடியபோது, உலகம் தேடிய தானியம் நம் மலைவாழ் மக்களின் குதிரில் இருந்தது. விதை இருந்தது, விதையை அறிந்த பாட்டிமாரும் இருந்தனர். அவர்களுக்குப் பின் யார் என்பதுதான் கேள்வி.

நீலகிரியில் வாழும் தோடர் இனப் பெண்கள் வெள்ளைத் துணியில் சிவப்பும் கருப்புமாகப் பூவேலை செய்கிறார்கள். துணியில் கோடு வரைவதும் இல்லை. மாதிரிப் படம் வைத்துக்கொள்வதும் இல்லை. துணியின் இழைகளை எண்ணி எண்ணியே ஊசியைச் செலுத்துகிறார்கள். 2013ஆம் ஆண்டில் இந்தப் பூவேலைக்குப் புவிசார் குறியீடு கிடைத்தது. இத்தனை இழைக்கு இத்தனை தையல் என்று மனத்திலேயே கணக்குப் போடும் தாயின் மகள், பள்ளிக்கு வந்ததும் கணக்கில் மந்தம் என்று பெயர் வாங்கினால், குறை மகளிடமா, நாம் கணக்குச் சொல்லிக் கொடுக்கும் முறையிலா என்று சிந்திக்க வேண்டும்.

அடுத்து இருளர் மக்களைப் பாருங்கள். பாம்பின் தடத்தை மண்ணில் கண்டு, அது எந்தப் பாம்பு, எப்போது போயிற்று என்று சொல்லக் கூடியவர்கள் அவர்கள். முன்பு பாம்புத்தோல் வாணிகத்திற்காகப் பாம்பு பிடித்து வாழ்ந்தார்கள். 1972ஆம் ஆண்டு வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்திற்குப் பின் அத்தொழில் நின்றது, குடும்பங்கள் தவித்தன. 1978ஆம் ஆண்டில் மாமல்லபுரத்தை அடுத்த வடநெம்மேலியில் இருளர் பாம்பு பிடிப்போர் கூட்டுறவுச் சங்கம் தோன்றியது. நல்ல பாம்பு, கட்டுவிரியன், கண்ணாடி விரியன், சுருட்டை விரியன் என்ற நான்கையும் பிடித்து, நஞ்சை எடுத்துக்கொண்டு, மறுபடி காட்டிலேயே விட்டுவிடுவது அச்சங்கத்தின் முறை. நாட்டில் பாம்புக்கடிக்கு நச்சுமுறிவு மருந்து செய்யத் தேவைப்படும் நஞ்சில் பெரும் பகுதி இச்சங்கத்திலிருந்து சென்றிருக்கிறது. அழிய இருந்த ஓர் அறிவு உயிர் காக்கும் அறிவாக மாறியது.

அச்சங்கத்தைச் சேர்ந்த வடிவேல் கோபால், மாசி சடையன் என்ற இருவரும் 2017ஆம் ஆண்டில் அமெரிக்காவிலுள்ள ஃபுளோரிடாவுக்கு அழைக்கப்பட்டார்கள். அங்கே சதுப்புக் காடுகளில் பெருகிவிட்ட பர்மிய மலைப்பாம்புகளைக் கண்டுபிடிக்க அந்நாட்டார் திணறிக்கொண்டிருந்தார்கள். இவர்கள் சென்ற இரண்டு வாரத்திற்குள் 13 பாம்புகளைப் பிடித்தார்கள். 2023ஆம் ஆண்டில் இருவருக்கும் பத்மஸ்ரீ விருது அறிவிக்கப்பட்டது.

அப்படியானால் பள்ளி எதற்கு?

இதைக் கேட்டு, ‘காட்டறிவே இவ்வளவு உயர்வு தருமானால் பள்ளிக்கூடம் எதற்கு?’ என்று எவரேனும் கேட்கலாம். கேட்க வேண்டிய கேள்விதான்.

அந்தக் கூட்டுறவுச் சங்கத்தையே எடுத்துக்கொள்ளுங்கள். ஆண்டுக்கு எத்தனை பாம்பு பிடிக்கலாம் என்பதற்கு வனத்துறையின் அனுமதி வேண்டும். வரவு செலவு எழுத வேண்டும். மருந்து செய்பவர்களுக்கு விலை சொல்லிக் கடிதம் எழுத வேண்டும். பாம்பைப் பிடிக்கும் கை தம்முடையதாகவும் பேனா பிடிக்கும் கை எப்போதும் பிறருடையதாகவும் இருந்தால், அந்தச் சங்கம் தம்முடையது என்று அவர்கள் எவ்வாறு சொல்ல முடியும்?

படிக்கத் தெரியாததால் கைநாட்டு வைத்து நிலத்தை இழந்த குடும்பங்கள் மலையில் எத்தனையோ உண்டு. வன உரிமைச் சட்டம் 2006ஆம் ஆண்டில் இயற்றப்பட்டது. காட்டில் உழுது வாழும் உரிமையோடு, பல்லுயிர் பற்றிய மரபு அறிவின் மேல் சமூகத்திற்குள்ள உரிமையையும் அது ஏற்றுக்கொள்கிறது. ஆனால் விண்ணப்பத்தைப் படிக்கவும் எல்லையைக் குறிக்கவும் ஆள் இல்லாத ஊருக்கு அச்சட்டம் ஏட்டுச் சுரைக்காயாகவே இருந்துவிடும்.

மற்றொன்றையும் நாம் நேர்மையாகச் சொல்ல வேண்டும். பழையது என்பதனாலேயே எல்லாம் சரி ஆகிவிடாது. பாம்பு கடித்தால் பச்சிலையை நம்பிப் பொழுதைப் போக்கலாகாது. உடனே மருத்துவமனைக்குச் செல்ல வேண்டும். இருளர் எடுத்துத் தந்த நஞ்சிலிருந்து செய்த மருந்துதான் அங்கே உயிரைக் காக்கிறது. பெண்ணுக்குச் சிறு வயதில் மணம் முடிப்பதும் எந்த மரபின் பெயராலும் ஏற்கத் தக்கதன்று. எதைக் காப்பது, எதை விடுவது என்று தாமே தெரிந்து முடிவு செய்யும் ஆற்றலை அம்மக்களுக்குத் தருவதே கல்வியின் வேலை. அந்த முடிவை நாம் அவர்களுக்காகச் செய்துவிட முடியாது.

காணிக்காரர் தந்த பாடம்

தமிழ்நாட்டின் தென்கோடியிலும் கேரளத்திலும் பரவிக் கிடக்கும் அகத்தியர் மலைப் பகுதியில் காணிக்காரர் என்னும் பழங்குடியினர் வாழ்கின்றனர். 1987ஆம் ஆண்டில் ஆய்வாளர் குழு ஒன்று கேரளப் பகுதியில் அவர்களை வழிகாட்டிகளாகக் கொண்டு மலையேறியது. ஆய்வாளர்கள் களைத்துப் போனார்கள். வழிகாட்டிகளோ களைப்பின்றி நடந்தார்கள். அவர்கள் வழியில் ஒரு செடியின் காய்களை மென்றுகொண்டே வந்ததுதான் காரணம். ஆரோக்கியப்பச்சை என்று இப்போது வழங்கும் அச்செடியிலிருந்து ‘ஜீவனி’ என்ற மருந்து உருவாயிற்று. 1995ஆம் ஆண்டில் அதன் உரிமம் ஒரு மருந்து நிறுவனத்திற்கு 10 லட்சம் ரூபாய்க்கும், விற்பனையில் நூற்றுக்கு 2 பங்கு உரிமைத் தொகைக்கும் தரப்பட்டது. அதில் பாதி காணிக்காரருக்கு என்று முடிவாயிற்று. பணத்தைப் பெற்று நிர்வகிக்க 1997ஆம் ஆண்டில் அவர்களுக்கென ஓர் அறக்கட்டளை பதிவு செய்யப்பட்டது.

மரபு அறிவுக்கு விலை உண்டு என்பதையும், அதில் உரியவர்களுக்குப் பங்கு உண்டு என்பதையும் இது நாட்டுக்குக் காட்டியது. அதே சமயம், உடன்பாட்டுக்கு முன் காணிக்காரர் எல்லாரையும் கலந்து பேசவில்லை என்ற குறையும் எழுந்தது. படித்த இளைஞர்கள் அம்மக்களிடையே போதிய அளவில் இருந்திருந்தால் அந்தப் பேச்சில் அவர்களே முன் வரிசையில் அமர்ந்திருப்பார்கள். அறிவு உள்ளவர்களிடம் எழுத்தும் இருக்க வேண்டும் என்பதற்கு இதைவிடச் சான்று வேண்டுவதில்லை.

பிற நாடுகள் கண்ட அனுபவம்

பழங்குடிப் பிள்ளைகளுக்குக் கல்வி தருவதிலும் முறை தவறினால் தீங்கு விளையும். கனடா நாட்டின் வரலாறு இதற்குச் சாட்சி. பத்தொன்பதாம் நூற்றாண்டில் தொடங்கி 1990-கள் வரை, 1,50,000-க்கு மேற்பட்ட பழங்குடிப் பிள்ளைகள் அந்நாட்டில் உறைவிடப் பள்ளிகளுக்கு அனுப்பப்பட்டார்கள். தாய்மொழியில் பேசினால் தண்டனை. பெயரை மாற்றினார்கள், முடியை வெட்டினார்கள். பல பிள்ளைகள் வீடு திரும்பவே இல்லை. திரும்பியவர்களும் பெற்றோருடன் பேச மொழியின்றித் தவித்தார்கள். 2008ஆம் ஆண்டு ஜூன் 11ஆம் நாள் அந்நாட்டுப் பிரதமர் நாடாளுமன்றத்தில் எழுந்து அம்மக்களிடம் மன்னிப்புக் கேட்டார்.

நம் நாட்டு உண்டு உறைவிடப் பள்ளிகள் அத்தகைய நோக்கத்துடன் தொடங்கப்பட்டவை அல்ல. பசித்த பிள்ளைக்குச் சோறும் தொலைவிலுள்ள பிள்ளைக்குத் தங்க இடமும் தந்து படிக்க வைப்பவை அவை. ஆயினும், விடுதிப் பிள்ளை தன் ஊர்ப் பேச்சைப் பேசும்போது பிறர் சிரித்தாலும், ‘காட்டான்’ என்று ஒருவர் அழைத்தாலும், அதே தீங்கின் சிறு விதையை நாமும் விதைத்தவர்களாவோம்.

நியூசிலாந்து வேறு வழியைக் காட்டியது. மாவோரி மொழி பேசும் பிள்ளைகள் அருகிவிட்டதைக் கண்ட அம்மக்கள் 1982ஆம் ஆண்டில் ‘மொழிக்கூடு’ என்று பொருள்படும் பெயருடன் மழலைப் பள்ளிகளைத் தொடங்கினார்கள். பாட்டன் பாட்டிமார் அங்கே வந்து குழந்தைகளோடு தம் மொழியிலேயே பேசிப் பழகினார்கள். 1987ஆம் ஆண்டில் அம்மொழி அந்நாட்டின் ஆட்சிமொழிகளுள் ஒன்றாயிற்று. பெரியவர்களைப் பள்ளிக்குள் அழைத்து வந்ததே அவர்கள் செய்த முதற்காரியம். அதற்குப் பெரும் பணம் தேவைப்படவில்லை.

நம் அரசியலமைப்பும் இதே நோக்கம் கொண்டதுதான். மொழிச் சிறுபான்மையினரின் பிள்ளைகளுக்குத் தொடக்கக் கல்வியைத் தாய்மொழியில் தர வசதி செய்ய வேண்டும் என்று 350-அ பிரிவு கூறுகிறது. அது 1956ஆம் ஆண்டில் சேர்க்கப்பட்டது. சந்தாலி மொழிக்கு 1925ஆம் ஆண்டில் ரகுநாத் முர்மு என்ற ஆசிரியர் தனி எழுத்தை அமைத்தார். 2003ஆம் ஆண்டுத் திருத்தத்தின் மூலம் அம்மொழி அரசியலமைப்பின் எட்டாவது அட்டவணையில் இடம் பெற்றது. ஒடிசா மாநிலம் பத்துப் பழங்குடி மொழிகளில் தொடக்க வகுப்புகளை ஆரம்பித்துப் பின்னர் அவற்றை மேலும் பல மொழிகளுக்கு விரிவாக்கியது. நம் மாநிலத்திலும் தோடர், கோத்தர், இருளர், குறும்பர், பணியர் ஆகியோருக்குத் தனித்தனி மொழிகள் உண்டு. நமது வட்டாரத்து மலைமக்கள் பேசுவது தமிழே. ஆனால் அவர்கள் வாயில் வழங்கும் சொற்கள் பல பாடப் புத்தகத்தில் இல்லை. அவை பிழையான சொற்கள் அல்ல. புத்தகத்தை எழுதியவர்களுக்குத் தெரியாத சொற்கள்.

பஞ்சாயத்து செய்ய வேண்டியவை

இனி, நம்மால் செய்யக் கூடியவை எவை என்று பார்ப்போம்.

முதலாவது, கிராம சபை. ஜனவரி 26, மார்ச் 22, மே 1, ஆகஸ்டு 15, அக்டோபர் 2, நவம்பர் 1 என ஆண்டுக்கு ஆறு நாட்கள் கிராம சபை கூடுகிறது. ஒவ்வொரு கூட்டத்திலும் பள்ளிக்கு வராத பிள்ளைகள் எத்தனை பேர், ஏன் வரவில்லை என்பதை ஒரு பொருளாக வையுங்கள். குழாய் உடைந்தால் கேட்கிறோம். ஒரு பிள்ளையின் படிப்பு உடைந்தால் கேட்க வேண்டாமா?

இரண்டாவது, சாதிச் சான்று. பழங்குடியினருக்கான சான்றை வருவாய்க் கோட்டாட்சியர் வழங்குகிறார். உயர்நிலைப் பள்ளியில் சேரும்போது அவசரமாக அலைவதைவிட, ஐந்தாம் வகுப்பு முடிவதற்குள் ஒவ்வொரு பிள்ளைக்கும் விண்ணப்பித்துவிட வேண்டும். உறுப்பினர்கள் தம் வார்டில் பட்டியல் ஒன்று வைத்துக்கொண்டு, விண்ணப்பம் எந்த நிலையில் உள்ளது என்று விசாரித்து வர வேண்டும்.

மூன்றாவது, பள்ளி மேலாண்மைக் குழு. 2009ஆம் ஆண்டுக் கல்வி உரிமைச் சட்டப்படி அக்குழுவில் நான்கில் மூன்று பங்கினர் பெற்றோராகவும், பாதிப் பேர் பெண்களாகவும் இருக்க வேண்டும். கையெழுத்துக்காக மட்டும் அவர்களை அழைக்காமல், பேசுவதற்காக அழையுங்கள். வாரத்தில் ஒரு மணி நேரம் ஊர்ப் பெரியவர் ஒருவர் வகுப்புக்கு வந்து விதையைப் பற்றியோ, தேனீயைப் பற்றியோ, ஓர் ஓடையைப் பற்றியோ சொல்லட்டும், பிள்ளைகள் எழுதட்டும். ஆசிரியரும் உடனிருந்து கேட்கட்டும்.

நான்காவது, பல்லுயிர் மேலாண்மைக் குழு. 2002ஆம் ஆண்டுச் சட்டப்படி ஒவ்வோர் உள்ளாட்சியிலும் இக்குழு அமைத்து, மக்கள் பல்லுயிர்ப் பதிவேடு எழுத வேண்டும். யாரோ எழுதித் தரும் பதிவேட்டில் கையொப்பம் இடாதீர்கள். பெரியவர்கள் சொல்ல, படித்த இளைஞர்கள் எழுதட்டும். எதை எழுதலாம், எதைத் தம்முள்ளேயே வைத்துக்கொள்ளலாம் என்பதை அம்மக்களே முடிவு செய்யட்டும். வெளியார் வந்து மூலிகையைப் பற்றி விசாரித்தால், கிராம சபைக்குத் தெரியாமல் எதையும் எடுத்துச் செல்ல விடாதீர்கள்.

ஐந்தாவது, எந்தக் கட்டடமும் எந்தத் தடுப்பணையும் தொடங்குமுன் அவ்விடத்தை நன்கு அறிந்த பெரியவர் இருவரையேனும் கேட்டு, அவர்கள் சொன்னதைத் தீர்மானத்தில் எழுதுங்கள். எங்கள் அலுவலகம் இப்போது இதை வழக்கமாகக் கொண்டிருக்கிறது. பிழை செய்து கற்ற பாடம் இது.

அடிவாரத்து உழவர்களுக்கும் ஒரு வார்த்தை. உங்கள் ஏரிக்கு வரும் நீர் மலையின் ஊற்றுகளில் பிறக்கிறது. அந்த ஊற்றுகளின் பெயர் தெரிந்தவர்கள் மலைமேல் இருக்கும் வரைதான் அவற்றைக் காப்பவர்களும் இருப்பார்கள். மலைப் பிள்ளைகள் தங்கிப் படிக்கும் விடுதியும் பள்ளியும் உங்கள் ஊர்களில்தான் உள்ளன. அவர்களை உங்கள் பிள்ளைகளைப் போல நடத்துவது தருமம் மட்டுமன்று. உங்கள் வயலுக்கும் நன்மை.

இன்னும் மூவர்

முடிப்பதற்கு முன், நோட்டுப் புத்தகம் தந்த பெண்ணைப் பற்றிச் சொல்ல வேண்டும். 2023ஆம் ஆண்டில் எட்டாம் வகுப்பு முடித்தபின் அவள் பள்ளிக்கு வரவில்லை. உயர்நிலைப் பள்ளி 11 கிலோமீட்டர் தொலைவில் இருந்தது. சாதிச் சான்று கிடைக்காததால் விடுதி விண்ணப்பம் அப்படியே நின்றிருந்தது. பெற்றோர் காப்பித் தோட்ட வேலைக்கு வெளி மாநிலம் சென்றபோது, தம்பியைப் பார்த்துக்கொள்ள அவளும் உடன் சென்றுவிட்டாள். ஊரின் ஓடைகளை எழுதி வைத்த பெண் ஊரிலேயே இல்லை. அவளுடைய ஏட்டைப் பார்த்துக் கட்டடம் கட்டிய எங்களுக்கோ, அவள் போனதுகூடத் தெரியவில்லை. இதைச் சொல்ல வெட்கமாகத்தான் இருக்கிறது.

அக்டோபர் 2ஆம் நாள் கிராம சபையில் பெண் உறுப்பினர் ஒருவர் எழுந்து, “புதுக் கூடம் எங்கே கட்டுவது என்று சொன்ன பிள்ளை எங்கே?” என்று கேட்டார். கூட்டம் சற்று நேரம் பேசாமல் இருந்தது. பின்னர் பஞ்சாயத்தே முன்வந்து சான்றுக்காக அலைந்தது. விடுதியில் இடம் கேட்டது. பெற்றோருடன் தொலைபேசியில் பேசியது. நவம்பர் மாதம் அவள் திரும்பி வந்து ஒன்பதாம் வகுப்பில் சேர்ந்தாள். பத்தாம் வகுப்புத் தேர்வில் தேறி, மேல்நிலை வகுப்பிலும் சேர்ந்துவிட்டாள். விடுமுறைக்கு ஊர் வரும்போது அந்த நோட்டுப் புத்தகத்தில் இன்னும் சில பக்கங்களை நிரப்புகிறாள் என்று ஆசிரியை சொன்னார்.

அவளோடு எட்டாம் வகுப்பு முடித்தவர்களுள் மூவர் இன்னும் திரும்பவில்லை. அவர்களுடைய பாட்டன் பாட்டிமார் ஊரில் இருக்கிறார்கள், முதுமை அடைந்திருக்கிறார்கள். அந்த மூவரின் பெயர்கள் எங்களிடம் உள்ளன. இக்கூட்டம் முடிந்ததும் அந்தப் பஞ்சாயத்தின் உறுப்பினர்களிடம் அவற்றைத் தருகிறோம். மற்றப் பஞ்சாயத்துகளின் உறுப்பினர்களும் உங்கள் ஊருக்குத் திரும்பியதும் இத்தகைய பட்டியல் ஒன்றை எழுதத் தொடங்குங்கள். அடுத்த கிராம சபைக்கு நாங்கள் வரும்போது, நீங்கள் கேட்பதற்கு முன் நாங்களே அந்தப் பட்டியலைக் கேட்போம்.